ஏரி வற்றினால் சீசன்

தாம்பரம் வட்டாரத்தில் கிரிக்கெட் சீசன் எப்போது தொடங்கும் என்று தெரிந்துகொள்ள 1980களில் யாரும் காலண்டரைப் புரட்டியதில்லை. ஏரிக்கரையில் ஏறிப் பார்த்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய தண்ணீர் தை பிறந்ததும் கரையை விட்டு விலக ஆரம்பிக்கும். மாசியில் ஓரங்கள் இறுகும். பங்குனியில் நடுவே ஒரு குட்டை மட்டும் மிஞ்ச, சுற்றிலும் மாடு மேயும் தரை. அதில் மேடு பள்ளமில்லாத இருபத்திரண்டு கஜத்தை எந்தத் தெருப் பையன்கள் முதலில் கண்டுபிடிக்கிறார்களோ, அந்தக் கோடை முழுக்க அது அவர்களுடையது. செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்பார்கள். சிட்லபாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம், பீர்க்கன்கரணை என்று ஊருக்கு ஓர் ஏரி இருந்தது. அதனால் ஊருக்கு ஒரு மைதானமும் இருந்தது.

சீசனின் முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆட்டமே கிடையாது, மண்வேலைதான். வெடிப்புகளில் மண் நிரப்பி, குட்டையிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, மிதித்து, காயவிட வேண்டும். மூன்றாவது ஞாயிறு அடுத்த தெருக்காரர்களிடம் போய் மேட்ச் கேட்பார்கள். பெட் மேட்ச். தலைக்கு இவ்வளவு என்று பதினொரு பேர் போடும் பணம் ஜெயித்தவர்களுக்கு, அதில் பாதி அடுத்த வாரப் பந்துக்கு. கார்க் பந்தா, ரப்பர் பந்தா என்பதில் பாதி நாள் சண்டை போகும். கார்க் என்றால் பேட் விரிசல் விடும். பேட் வைத்திருப்பவன் ஒப்புக்கொள்ள மாட்டான். அவன் பேச்சை மீறவும் முடியாது. பேட் யாருடையதோ அவன்தான் ஓப்பனர், முதல் பந்தில் அவுட்டானால் அது ட்ரையல் பால். பேட்டிங் சைடு ஆள்தான் அம்பயர். இந்தச் சட்டங்களையெல்லாம் யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனாலும் பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை அநேகமாக ஒரே சட்டம்தான்.

1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் நம் ஊர் ஸ்ரீகாந்த் அடித்த 38 ரன்தான் அந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இரண்டு பக்கத்திலும் சேர்த்து ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன். ஒரு காலை மடக்கி அவர் அடித்த அந்த ஸ்கொயர் டிரைவ், அடுத்த கோடையில் எங்கள் ஏரிகளில் எத்தனை பேரை அவுட்டாக்கியது என்று கணக்கு இல்லை.

இது ஒரு கிரிக்கெட். இதற்குப் பக்கத்திலேயே, இதோடு அதிகம் பேச்சுவார்த்தை இல்லாமல், இன்னொரு கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. அதன் சீசன் ஏரிகள் நிரம்பக் காத்திருக்கும் ஆனி, ஆடியில் தொடங்கும். சென்னை லீக். 1932இல் தொடங்கியது. முதல் டிவிஷனில் ஜெயிக்கும் அணிக்குப் பாளையம்பட்டி ராஜா பெயரிலான கேடயம். அதற்குக் கீழே படிப்படியாக டிவிஷன்கள். ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. மேல் படியில் ஸ்டேட் பாங்க், இந்தியா பிஸ்டன்ஸ், ஜாலி ரோவர்ஸ் மாதிரி வங்கி, கம்பெனி ஆதரவு உள்ள அணிகள். கீழ்ப் படிகளில் ஒரு செயலாளரின் சொந்தப் பாக்கெட்டில் ஓடும் கிளப்புகள். அவர் வீட்டுத் திண்ணைதான் கிளப் ஆபீஸ், அவர் மனைவி போட்டுக் கொடுக்கும் எலுமிச்சை சாதம்தான் லஞ்ச். சென்னை கிரிக்கெட்டைத் தாங்கி நின்றது சேப்பாக்கம் கேலரி இல்லை, இந்தச் செயலாளர்கள்தான் என்பது என் கட்சி.

தாம்பரம் பையனுக்கு லீக் என்றால் முதலில் ரயில். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் மின்சார ரயில் 1931இலேயே வந்துவிட்டது, லீக்குக்கு ஒரு வருஷம் முன்னால். மைதானங்கள் எல்லாம் வடக்கே. சோமசுந்தரம் மைதானத்துக்கு மாம்பலத்தில் இறங்க வேண்டும், பச்சையப்பன் கல்லூரி மைதானத்துக்குச் சேத்துப்பட்டில். மெரினா என்றால் இறங்கிப் பஸ். காலை ஆறு மணி ரயிலில் ஏறினால்தான் டாஸுக்கு முன்னால் மேட்டிங் விரிக்க முடியும். புது ஆளுக்கு அணியில் முதல் வேலை அதுதான். தென்னை நார்ப் பாயைச் சுருட்டினால் நான்கு பேர் தூக்க வேண்டும். அதை இழுத்து, சுருக்கம் இல்லாமல் ஓரங்களில் ஆணி அடித்து, ஈரம் காட்டி விறைப்பாக்க வேண்டும். தளர்ந்திருந்தால் பந்து உருளும், விறைத்திருந்தால் மூக்குக்கு வரும். சுழல்பந்து போடுபவன், ஒரு முனை மட்டும் சற்றுத் தளர்வாக இருந்தால் என்ன என்று ஆணி அடிக்கும் பையனிடம் கிசுகிசுப்பதும் உண்டு.

கிட் பேக் அணிக்கு ஒன்றுதான். இரண்டு ஜோடி கால் பேட் இருக்கும், அதில் ஒன்றுக்கு வார் அறுந்திருக்கும். அவுட்டாகி வருபவன் எல்லைக்கோட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றி அடுத்தவனிடம் கொடுப்பான். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்தான்; கார்டு உட்பட. இன்றைய பையன்களிடம் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள். சுளிக்கத்தான் வேண்டும்.

இத்தனைக்கும் கிடைத்த கூலி என்ன? திங்கட்கிழமை ‘தி இந்து’வின் விளையாட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் லீக் ஸ்கோர்கள் வரும். ஐம்பது அடித்தாலோ ஐந்து விக்கெட் எடுத்தாலோ அதில் பெயர் வந்துவிடும். இனிஷியல் தப்பாக இருக்கலாம், எழுத்துப்பிழை இருக்கலாம். ஆனாலும் அந்தத் துண்டை வெட்டிப் பீரோவுக்குள் வைத்தவர்கள் இன்றும் தாம்பரத்தில் இருக்கிறார்கள். 48 ரன்னில் அவுட்டானவனின் துக்கம் அந்த வாரம் முழுவதும் நீடிக்கும். வங்கியிலோ ரயில்வேயிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்க அந்தத் துண்டுகள் உதவும் என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. சிலருக்கு உதவியது.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவே எனக்குப் பெரிய மாறுதலாகத் தெரிவது பேட்டோ பந்தோ இல்லை, பயணத்தின் திசை. நகரத்துக்குள் நிலம் சுருங்கச் சுருங்க மைதானம் தெற்கே இறங்கி வந்தது. நல்ல புல் ஆடுகளம் வேண்டுமானால் இன்று வேளச்சேரி குருநானக் கல்லூரிக்கோ, ஓ.எம்.ஆரில் காலவாக்கம் எஸ்.எஸ்.என். கல்லூரிக்கோ, வண்டலூரைத் தாண்டி இருக்கும் பொறியியல் கல்லூரி மைதானங்களுக்கோதான் வர வேண்டியிருக்கிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பையன்கள் விடியற்காலையில் பைக்கிலும் காரிலும் இந்தப் பக்கம் வருகிறார்கள். கல்லூரிகள் காட்டையும் மேய்ச்சல் தரையையும் வளைத்துக் கட்டியபோது கூடவே மைதானமும் வளைபட்டது. இதில் முன்னோடி சென்னை கிறிஸ்தவக் கல்லூரிதான். 1937இல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு வந்து, முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர் புதர்க்காட்டில் குடியேறியது. அப்போது ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று பேசியிருப்பார்கள். இப்போது ஊரே அங்கே வந்துவிட்டது.

மைதானம் பக்கத்தில் வந்ததால் தாம்பரம் பையனுக்கு லாபமா? சந்தேகம்தான். அன்று தூரத்தில் இருந்தாலும் உள்ளே போகத் தடையில்லை. இன்று மதிலும் கேட்டும் வாட்ச்மேனும் உண்டு. லீக் அணியில் பதிவு செய்த ஆளாகவோ, அகாடமியில் பணம் கட்டிய பிள்ளையாகவோ இருந்தால்தான் கேட் திறக்கும்.

இந்த இரண்டு கிரிக்கெட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை ஏறிக் குதித்தவர்கள் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் வளர்ந்து, சென்னையில் நான்காம் டிவிஷனில் பி.எஸ்.என்.எல். அணிக்கு ஆடி, படியேறி இந்திய அணிக்குப் போனார். ஆனால் இந்தப் பகுதிக்குப் பொருத்தமான கதை வருண் சக்கரவர்த்தியுடையது. பள்ளி வயதில் விக்கெட் கீப்பர். எந்த அணியிலும் தேர்வாகவில்லை. கிரிக்கெட்டை மூட்டை கட்டிவிட்டு இந்தப் பக்கத்து எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷம் கட்டடக்கலை படித்தார், கொஞ்ச காலம் அந்த வேலையும் பார்த்தார். ஓய்வில் டென்னிஸ் பந்து ஆட்டம். 2014இல் வந்த ‘ஜீவா’, லீக் கிரிக்கெட்டையும் தேர்வு அரசியலையும் பற்றிய படம். அதில் கிளப் வீரராக ஓரிரு காட்சிகளில் தலை காட்டினார். இருபத்தைந்து வயதில் வேலையை விட்டுவிட்டு மறுபடி கிளப்பில் சேர்ந்தார், வேகப்பந்து போடும் ஆல்ரவுண்டராக. முழங்காலில் அடிபட்டது. ஓட முடியாதவன் சுழற்றத்தானே வேண்டும்? டென்னிஸ் பந்தில் விரலால் செய்த வித்தைகளைத் தோல் பந்துக்குக் கொண்டுவந்தார். 2017-18இல் நான்காம் டிவிஷனில் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக ஏழு ஆட்டத்தில் 31 விக்கெட். மறு வருஷம் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மதுரைக்கு ஆடினார். அந்த டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடி கொடுத்தது. 2025 மார்ச்சில் துபாயில் அவர் ஐந்து விக்கெட் எடுத்து நியூசிலாந்தைச் சாய்த்ததை எல்லோரும் பார்த்தோம்.

அந்தக் கதையால் ஒரு பக்கவிளைவும் உண்டு. தென் புறநகரில் டென்னிஸ் பந்து போடும் ஒவ்வொரு பையனும் இப்போது மர்மச் சுழற்பந்து வீச்சாளர். விரலை மடக்குகிறார்கள், நீட்டுகிறார்கள். பந்து என்னவோ நேராகத்தான் போகிறது.

அந்தப் பையன்கள் எங்கே ஆடுகிறார்கள்? ஏரியில் இல்லை. 2015 டிசம்பர் மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதுதான் ஏரி எதற்காக இருக்கிறது என்ற நினைவு பலருக்கு வந்தது. அதற்குப் பின் செம்பாக்கம் ஏரியும் சிட்லபாக்கம் ஏரியும் தூர்வாரப்பட்டன, கரை உயர்ந்தது, நடைபாதை வந்தது. இப்போது பங்குனியிலும் தண்ணீர் நிற்கிறது. மைதானம் போய்விட்டதே என்று இதற்காக வருத்தப்பட முடியுமா? 2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்கு வரிசையில் நின்றபோது வறண்ட ஏரிகளில் மறுபடி ஸ்டம்பு நட்டார்கள். அப்படிக் கிடைக்கும் மைதானம் நமக்கு வேண்டாம். ஆனால் ஏரியைச் சுற்றி இருந்த புறம்போக்கும் காலி மனைகளும் அடுக்குமாடிகளாகிவிட்டன. பையன்களுக்கு அவற்றைத்தான் பறிகொடுத்தோம். ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சியே வந்துவிட்டது. அதில் பிள்ளைகள் பணம் கட்டாமல் ஆடக்கூடிய பெரிய மைதானத்தை விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். அங்கே ஞாயிறு காலை ஒரே நேரத்தில் ஐந்தாறு மேட்ச் ஓடுகிறது. ஒரு மேட்ச்சின் மிட் ஆன் ஆள் இன்னொரு மேட்ச்சின் தேர்ட் மேன் ஆளோடு முதுகு ஒட்டி நிற்கிறான்.

மிச்சப் பேருக்கு டர்ஃப் இருக்கிறது. மேடவாக்கம், பெருங்களத்தூர், ஓ.எம்.ஆர். என்று எங்கும் செயற்கைப் புல்லும் வலைக்கூண்டும் விளக்கும். மணிக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி வாடகை. இதற்கு மழை, வெயில், தை, ஆடி எதுவும் கிடையாது. அதனால் சீசனும் கிடையாது. தாம்பரத்தின் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்திலும் ஓ.எம்.ஆர். கம்பெனிகளிலும் வேலை பார்ப்பவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு மேட்ச் ஆடுகிறார்கள். ஒவ்வொருவர் தோளிலும் தனிக் கிட். ஸ்கோர் எழுத நோட்டு இல்லை, செயலி. எந்தப் பக்கம் எத்தனை ரன் அடித்தான் என்று சக்கரப் படமே போட்டுக் காட்டுகிறது. 48 ரன் எடுத்தவனுக்கும் அதில் இடம் உண்டு, டக் அடித்தவனுக்கும் உண்டு. அழிக்க முடியாது என்பதுதான் சங்கடம். அந்தக் காலத்தில் டக் அடித்தால் வீட்டுக்குத் தெரியாது. இப்போது அண்ணியே செயலியில் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ரெண்டு பால்தானா?” என்கிறார்.

ஒன்றில் மட்டும் இன்றைய நாள் சந்தேகமில்லாமல் மேல். ஏரி ஆட்டத்தில் பெண்பிள்ளை என்றால், கரையில் நின்று சாப்பிடக் கூப்பிட வரும் தங்கைதான். உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்ணாகச் சென்னையின் திருஷ் காமினி 2013இல் பெயரெடுத்தார். இப்போது புறநகர் அகாடமிகளில் வலைக்குள் நின்று புல் ஷாட் பழகும் சிறுமிகளைப் பார்க்கலாம். வெளியே காரில் அப்பா காத்திருக்கிறார். அவர் ஒருகாலத்தில் மேட்டிங்குக்கு ஆணி அடித்தவராகவும் இருக்கக்கூடும்.

நாற்பத்தைந்தைத் தாண்டிய ஆட்களுக்கென்று தனி டோர்னமென்ட்களும் வந்துவிட்டன. நான் பார்த்த டர்ஃப் ஒன்றில், பந்து கூண்டைத் தாண்டினால் அவுட் என்று விதி. சிக்ஸராக அடித்துப் பெயர் வாங்கிய பழைய வீரர்கள் அங்கே வரிசையாக அவுட்டாகிறார்கள். வாழ்நாள் முழுக்க டொக்கு வைத்ததற்காகத் திட்டு வாங்கிய ஓர் ஆள், தரையோடு தரையாகத் தட்டி ஒன்று, இரண்டு என்று சேர்த்துக் கடைசிவரை நிற்கிறார். இந்த வருஷ முதல் மேட்ச்சுக்கு வாட்ஸ்அப்பில் ஆள் சேர்த்தபோது முதல் பெயர் அவருடையதுதான். என்ட்ரி ஃபீஸையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.