ஏரிக்கரை மாளிகையும் கைப்பேசித் திரையும்

இராஜஸ்தான் மாநிலத்தின் உதய்ப்பூர், ஏரிகளின் நகரம் எனப் பெயர் பெற்றது. அந்நகரின் பிச்சோலா ஏரி நடுவே வெண்ணிற மாளிகை ஒன்று நீரில் மிதப்பதுபோல் நிற்கிறது. மேவார் அரசர் இரண்டாம் ஜகத் சிங் காலத்தில், 1746ஆம் ஆண்டு அது கட்டி முடிக்கப்பட்டது. அரச குடும்பத்தார் கோடையைக் கழித்த அவ்விடம் 1960களில் தங்கும் விடுதியாக மாறியது. 1983இல் வெளிவந்த ‘ஆக்டோபசி’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் அதனை உலகெங்கும் கொண்டு சென்றது. இன்று அந்த ஏரியைச் சுற்றியுள்ள மாளிகைகளிலும் விடுதிகளிலும் திருமணம் நடத்தப் பல மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அவர்களுள் பலர் அவ்வேரியை முதன்முதலாகக் காண்பது கைப்பேசித் திரையில்தான்.

முன்னாளில் திருமண இடம் தேடும் வழி வேறு. உறவினர் திருமணத்திற்குச் சென்றவர், பந்தியில் உண்டு, இடவசதியை நேரில் கண்டு, ஊர் திரும்பி எடுத்துரைப்பார். அச்சொல்லே விளம்பரமாயிற்று. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கப்பட்ட பின்னர், சொல்லின் இடத்தைப் படம் பிடித்துக்கொண்டது. முதலில் சதுரப் படங்களை மட்டுமே ஏற்ற அத்தளம், 2016இல் 24 மணி நேரத்தில் மறையும் ‘ஸ்டோரி’ வசதியையும், 2020இல் ‘ரீல்ஸ்’ என்னும் குறுங்காணொளி வசதியையும் சேர்த்தது.

இத்தளத்தில் ஒரு மண்டபத்தை எவ்வாறு அறிமுகப்படுத்துவது? வெற்று மண்டபத்தின் படம் எவரையும் ஈர்ப்பதில்லை. காண்பவர் அவ்விடத்தில் தம் வீட்டுத் திருமணத்தைக் கற்பனை செய்ய வேண்டும். ஆகவே விளக்கேற்றிய முற்றம், மாலை தொடுக்கும் கைகள், மணமேடைக்குச் செல்லும் படிகள் ஆகியவற்றைப் படமெடுப்பர். கதிரவன் மறைந்த பின் வரும் சிறுபொழுது இதற்கு மிக ஏற்றது. வானின் நீலமும் விளக்கின் மஞ்சளும் அப்போது ஏறக்குறைய ஒரே ஒளியளவில் இருப்பதால், படக்கருவி இரண்டையும் தெளிவாகப் பதிவு செய்யும். படத்துடன் ஊரின் பெயரையும் இடக்குறியையும் இணைத்தல் வேண்டும். “உதய்ப்பூரில் திருமணம்” என்று தேடுபவருக்கு அப்போதுதான் அப்படம் தென்படும். விருப்பக்குறிகள் எத்தனை விழுந்தன என்று எண்ணி மகிழ்வதில் பெரும்பயன் இல்லை. படத்தைச் சேமித்து வைத்தவர் எத்தனை பேர், விலை கேட்டு எழுதியவர் எத்தனை பேர் என்பனவே கருதத்தக்கவை.

காலமும் அறிந்து செய்தல் வேண்டும். வட இந்தியாவில் கார்த்திகை மாதத்து ‘தேவ் உடனி ஏகாதசி’ கழிந்த பிறகே திருமணங்கள் மீண்டும் தொடங்கும். டிசம்பர் நடுவிலிருந்து சனவரி நடுவரை நல்ல காரியங்களைத் தவிர்ப்பர். எஞ்சிய குளிர்கால நாள்களுக்குப் போட்டி மிகுதி. குடும்பங்கள் பல மாதங்கள் முன்னரே இடத்தை உறுதி செய்கின்றன. நவம்பர்த் திருமணத்திற்கான படத்தை அக்டோபரில் வெளியிடுபவர், பந்தி முடிந்த பின் இலை போடுபவரை ஒப்பர்.

இனி, சிக்கலான பகுதிக்கு வருவோம். பிச்சோலா மழையை நம்பி நிற்கும் ஏரி. பருவமழைக்குப் பின் அது ததும்பி நிற்கும். கோடையில் நீர் தாழும். மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரி வறண்டதும் உண்டு. செப்டம்பரில் எடுத்த படத்தைக் காட்டி மே மாதத் திருமணத்திற்கு முன்பணம் பெற்றால், அந்தப் படம் பொய்யா, மெய்யா? படத்தில் ஒரு புள்ளியும் மாற்றப்படவில்லை. ஆயினும் வந்து இறங்கும் மணமகள் காண்பது வேறொரு கரையை. எடுத்த மாதத்தைப் படத்தின் கீழ் ஒரு வரியில் எழுதுவதே நேர்மை. அதனால் சில வாடிக்கையாளர்களை இழந்தாலும் தகும். அகலக்கோண வில்லையால் சிறுகூடத்தைப் பெருங்கூடமாகக் காட்டுவதும் இவ்வகையே.

சட்டமும் இதில் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறான எண்ணத்தை ஊட்டும் விளம்பரத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பணமோ இலவசத் தங்கலோ பெற்றுக்கொண்டு ஓர் இடத்தைப் புகழ்பவர், அதனை வெளிப்படையாகக் கூற வேண்டும். பலர் அறியாத செய்தி மற்றொன்று. பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லையெனில், பணம் கொடுத்து எடுக்கச் செய்த ஒளிப்படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. மணவீட்டார் எடுக்கச் செய்த படத்தை அவர்தம் இசைவின்றி மண்டபத்தார் தம் பக்கத்தில் இடுவது முறையன்று. மணமக்கள் இசைந்தாலும், அருகில் நிற்கும் சிறுமியின் பெற்றோரையும் ஒரு சொல் கேட்பது நன்று.

படத்தால் காட்ட இயலாதவையும் பல. விண்மீன்களின் கீழ் நள்ளிரவு நடனம் காணொளியில் அழகாகத் தோன்றும். ஆனால் திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகத் தடை உண்டு. ஊர்திகளை நிறுத்துமிடம், மின்தடையின்போது மாற்று ஏற்பாடு, கழிப்பறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எவரும் படமெடுத்து இடுவதில்லை. படத்தில் மயங்கிய இளையோர் தேதியைக் கேட்டு எழுதுவர். அடுத்த நாள் அவ்வீட்டுப் பெரியவர் தொலைபேசியில் அழைத்து, மூட்டுவலியுள்ள பாட்டி அந்தப் படகில் எவ்வாறு ஏறுவார் என்று கேட்பார்.