இரு மைகள் கூடும்போது

நீல மையில் சில சொட்டுச் சிவப்பு மையைச் சேர்த்தால் ஊதா கிடைக்கும் என்பது மைப்பேனாவைக் கையாண்ட எவரும் அறிந்ததே. தமக்கென ஒரு நிறத்தை உருவாக்கிக்கொள்ளும் ஆர்வம் பலருக்கும் அங்குதான் தொடங்குகிறது. ஆயினும், கலந்த அன்று கண்ணைக் கவர்ந்த மை, மறுநாள் புட்டியின் அடியில் சேறாகப் படிந்து கிடப்பதுண்டு. அந்தப் படிவு பேனாவின் நுண்ணிய வழிகளை அடைத்து, நெடுநாள் பழகிய பேனாவையே எழுதாமற் செய்துவிடுவதும் உண்டு. நிறங்கள் பொருந்துவது வேறு. மைகள் பொருந்துவது வேறு.

நிறம் பிறக்கும் விதம்

வெள்ளைத்தாளின்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியை மை உட்கவர்கிறது. எஞ்சியது கண்ணை வந்தடைகிறது. அந்த எச்சத்தையே நாம் நிறம் என்கிறோம். இரண்டு மைகள் சேரும்போது இரண்டும் தத்தம் பங்கை உட்கவர்வதால், திரும்பிவரும் ஒளி மேலும் குறைகிறது. அடர்நீலத்தையும் குருதிச் சிவப்பையும் கலந்தால் எதிர்பார்த்த கத்தரிப்பூ நிறம் வராமல் மங்கிய பழுப்பு வருவதன் காரணம் இதுவே. நீலம் செவ்வொளியை விழுங்க, சிவப்பு மற்றவற்றை விழுங்க, மிஞ்சுவது மிகச் சிறிது. சிவப்புக்கு மாற்றாக, அச்சகத்தார் பயன்படுத்தும் மெஜந்தாவை ஒத்த மையைச் சேர்த்தால் ஊதா தெளிவாக அமையும். மெஜந்தா பச்சை ஒளியை மட்டுமே பெரிதும் உட்கவர்ந்து, நீலத்தையும் சிவப்பையும் விட்டுவிடுகிறது.

வெளிர்நிற மையில் அடர்நிற மையைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதே முறை. மஞ்சளில் ஒரு சொட்டு நீலம் விழுந்தவுடன் அது கிளிப்பச்சையாகிறது. நீலத்தில் ஒரு சொட்டு மஞ்சள் விழுந்த அடையாளமே தெரிவதில்லை. மயில்கழுத்து நிறத்தை விரும்புவோர் பசுநீல மை ஒன்பது பங்கு, அடர்நீல மை ஒரு பங்கு எனத் தொடங்கி, தாளில் எழுதி உலரவிட்டுப் பார்த்து அளவை மாற்றலாம். ஈர மையின் நிறமும் உலர்ந்த மையின் நிறமும் ஒன்றல்ல என்பதால், புட்டியில் தெரியும் நிறத்தை நம்புதல் ஆகாது.

மையின் இயல்பு

பேனா மையின் பெரும்பகுதி நீரே. அதில் சாயமும், பூஞ்சையைத் தடுக்கும் பொருளும், நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளும் கலந்திருக்கின்றன. நிப்பின் பிளவில் மை இறங்கிவருவது நுண்புழைச் செயலால். பரப்பு இழுவிசை மிகுந்தால் மை இறங்கத் தயங்கும். குறைந்தால் எழுத்தின் ஓரங்கள் தாளில் கசிந்து பரவும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குரிய முறையில் இந்தச் சமநிலையை அமைத்திருக்க, கலப்பவர் அறியாமலே அதனைக் குலைக்கிறார்.

இதனினும் பெரிய இடர் அமில, காரத் தன்மையால் வருவது. ஒரு மை அமிலத்தன்மையும் மற்றது காரத்தன்மையும் கொண்டிருந்தால், கரைந்திருந்த சாயம் வீழ்படிவாக மாறக்கூடும். சில நீலச் சாயங்கள் காரத்தால் வெளிறியும்போகும்.

இரும்பு மையைப் பிற மையுடன் கலப்பது அறவே தவிர்க்கத்தக்கது. மாசிக்காயின் டானினும் இரும்பு சல்பேட்டும் சேர்ந்து உருவாவது இம்மை. கடுக்காய் ஊறிய நீரில் அன்னபேதியைச் சேர்த்துத் தமிழ்நாட்டில் செய்யப்பட்ட கடுக்காய் மையும் அதே வேதியியலைச் சார்ந்ததுதான். எழுதிய பின் காற்றிலுள்ள ஆக்சிஜனால் இரும்பு மாற்றமடைந்து, நீரில் கரையாத கருமையாகத் தாளின் இழைகளில் தங்குகிறது. இங்கிலாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை எழுத இவ்வகை மை தேர்ந்தெடுக்கப்பட்டது இந்த நிலைபேற்றைக் கருதியே. அந்த இரும்பைப் புட்டிக்குள் கரைந்த நிலையில் வைத்திருப்பது அமிலம். கார மை சேர்ந்து அமிலத்தை நடுநிலையாக்கினால், தாளில் நிகழவேண்டிய கருமை பேனாவுக்குள்ளேயே நிகழ்ந்துவிடும்.

ஆகவே, கலவையை உடனே பேனாவில் நிரப்பலாகாது. ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, சிறு கண்ணாடிப் புட்டியில் இரண்டு மில்லிலிட்டர் அளவே கலந்து, சில நாள் அசையாமல் வைக்கவேண்டும். பின்னர் ஒளிக்கு நேரே சாய்த்து, அடியில் துகள் இருக்கிறதா எனக் காணவேண்டும். அளவுகளை அன்றே குறித்துவைத்தல் இன்றியமையாதது; குறிக்காத நிறம் புட்டி தீர்ந்ததும் கிடைக்காமற்போகும்.

கடையில் வாங்கும் மைகளிலும் பல கலவைகளே. கறுப்பு மைச் சொட்டு ஒன்றை வடிதாளில் இட்டு, தாளின் நுனியை நீரில் தொடவைத்தால், பெரும்பாலும் நீலமும் சிவப்பும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாக ஏறுவதைக் காணலாம். ஆய்வகத்தில் பயிலும் வண்ணப்பிரிகை முறை இதுவே.

மங்கும் நிறம்

கலவை நிறத்திற்கு ஒரு குறை உண்டு. அதிலுள்ள சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. ஓவியர் வின்சென்ட் வான் கோ 1888 அக்டோபரில் ஆர்ல் நகரில் தம் படுக்கையறையை வரைந்தார். அறையின் சுவர்கள் வெளிர் ஊதா எனத் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் குறித்துள்ளார். இன்று ஆம்ஸ்டர்டாமில் அவ்வோவியத்தைக் காண்போர் நீலச் சுவர்களையே காண்கின்றனர். ஊதாவிலிருந்த சிவப்பு, ஒளியால் மறைந்துவிட்டது. அது மையன்று, வண்ணக்குழம்பு. எனினும் இரண்டுக்கும் நேர்வது ஒன்றே.

சான்றிதழ்களையும் காக்கவேண்டிய கடிதங்களையும் கலவை மையால் எழுதுவது இதனால்தான் பொருத்தமற்றது. நாட்குறிப்புக்கும் பாடக்குறிப்புக்கும் தடையில்லை. புதுக் கலவை எவ்வளவு நாள் நிற்கும் என்பதை அறிய, அதனால் ஒரு தாளில் எழுதி, தாளை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் புத்தகத்திற்குள்ளும் மறுபாதியை வெயில் படும் சன்னலோரத்திலும் வைக்கலாம். ஒரு மாதம் கழித்து இரண்டையும் அருகருகே சேர்த்துப் பார்த்தால் போதும்.