மாநில எல்லையும் மனநல சிகிச்சையும்

மனக்கலக்கமுற்றோர் 14416 என்ற எண்ணை அழைத்து ஆலோசனை பெறும் ‘டெலி மனாஸ்’ ஏற்பாடு 2022 அக்டோபர் முதல் நம் நாட்டில் நடைபெற்று வருவதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிவர். இவ்வாறு தொலைவிலிருந்து சிகிச்சை அளிப்பதில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நெடுங்காலமாக ஒரு விசித்திரமான இடையூறு இருந்து வந்தது. அதனைக் களைய அவர்கள் முற்பட்ட விதம் நாம் அறியத்தக்கது.

அந்நாட்டில் உளவியல் நிபுணருக்கு லைசென்ஸ் வழங்குவது மத்திய அரசாங்கமன்று. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. மோட்டார் ஓட்டும் லைசென்ஸ் எல்லா மாநிலங்களிலும் செல்லும், இது செல்லாது. அன்றியும், நோயாளி எங்கு இருக்கிறார் என்பதையே சட்டம் முக்கியமாக நோக்குகிறது. கொலராடோவிலுள்ள நிபுணரிடம் சென்று வரும் நெப்ராஸ்கா விவசாயி ஒருவரை எடுத்துக்கொள்வோம். விளைச்சல் பொய்த்து, கடன் மிகுந்து, உறக்கமின்றித் தவிப்பவர் அவர். எல்லை கடந்து நேரில் சென்றால் சிகிச்சை உண்டு. அறுவடைக் காலத்தில் வயலை விட்டு அகல இயலாமல் வீட்டிலிருந்தே தொலைபேசியில் பேச விரும்பினாலோ, அதே நிபுணர் நெப்ராஸ்கா லைசென்ஸும் பெற்றாக வேண்டியிருந்தது!

இதற்குப் பரிகாரமாக, லைசென்ஸ் வாரியங்களின் சங்கம் 2015-இல் ‘சைபாக்ட்’ என்னும் ஒப்பந்தத்தை வகுத்தது. 2016-இல் அரிசோனா முதலில் சேர்ந்தது. ஏழு மாநிலங்கள் சேர்ந்தாலன்றி நடைமுறைக்கு வராது என்பது விதி. அவ்வெண்ணிக்கை 2019-இல் நிறைவேறியது. இன்று 40-க்கு மேற்பட்ட மாநிலங்கள் இதில் உள்ளன. நெப்ராஸ்காவும் கொலராடோவும் அவற்றுள் அடங்கும். டாக்டர் பட்டமும் சொந்த மாநில லைசென்ஸும் உடைய நிபுணர், ஒரே அனுமதியைக் கொண்டு, சேர்ந்துள்ள எல்லா மாநிலத்தாருக்கும் தொலைவழியே சிகிச்சை அளிக்கலாம். நேரில் சென்று பணிபுரிய வேறோர் அனுமதி உண்டு. அது மாநிலமொன்றுக்கு ஆண்டுக்கு 30 நாட்கள்.

வெளி மாநிலத்தார் தவறிழைத்தால் யார் தண்டிப்பது என்ற ஐயம் எழுவது இயல்பே. லைசென்ஸ் விவரங்களும் ஒழுங்கு நடவடிக்கைகளும் பொதுப் பதிவேட்டின் மூலம் எல்லா மாநிலங்களுக்கும் தெரிவிக்கப்படுகின்றன. நோயாளியின் மாநிலமும் தன் எல்லைக்குள் அவ்வனுமதியை ரத்துச் செய்யலாம். இப்பாதுகாப்பு இல்லையேல் மாநிலங்கள் இவ்வளவு இணங்கியிரா என்பது நம் கருத்து.

குறைகளும் உள. மனநல ஆலோசகர்களும் சமூக சேவகர்களும் இதில் அடங்கார். அவர்களுக்கு வேறு ஒப்பந்தங்கள் உள்ளன. கலிபோர்னியா 2024 இறுதி வரையிலும் சேரவில்லை. ஆகவே நெப்ராஸ்காவில் சிகிச்சை பெற்று வந்த இளைஞன் படிப்பின் நிமித்தம் அங்குக் குடியேறின், தன்னை நன்கறிந்த நிபுணரை விட்டுப் புதியவர் ஒருவரைத் தேட நேரிடும்.