வழுக்கை இருக்க சர்க்கரை எதுக்கு?

பொள்ளாச்சி இளநீரைக் குடித்துவிட்டு வழுக்கையை மட்டையோடு வீசுகிறவர்கள் உண்டு. குழந்தைகளின் ஸ்மூத்திக்கு அதுதான் அருமையான பொருள். கரண்டியில் வழித்தெடுக்க வரும் இளசான வழுக்கை, நன்கு பழுத்த பூவன்பழம் ஒன்று, அரை டம்ளர் இளநீர். மிக்ஸியில் அரைத்தால் ஐஸ்க்ரீம் சேர்த்ததுபோல வழவழவென்று வரும். சப்போட்டாவும் பொருந்தும். வடிகட்டிவிடாதீர்கள், நார்ச்சத்து போனால் மிஞ்சுவது ஜூஸ்தான்.

பழத்தின் இனிப்பே போதும். 'சர்க்கரைக்குப் பதில் தேன்' என்பதும் ஏமாற்றுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், தேனையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இளநீர், வாழை இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகப் பிரச்னை உள்ள பிள்ளைகளுக்கு டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

பழத்தைக் கடித்துத் தின்னும் பிள்ளைக்கு ஸ்மூத்தியே அவசியமில்லை. பழம் என்றாலே ஓடுகிற வாண்டுகளுக்குச் சின்ன டம்ளரில், அரைத்த உடனே கொடுங்கள். வைத்தால் கறுத்துவிடும்.