கோப்பு வழங்கியும் பயனர் பதிவேடும்: அலுவலக இயங்குதளத் தேர்வு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

அலுவலகக் கோப்பு வழங்கிக்கு எந்த இயங்குதளம் ஏற்றது என்னும் வினாவிற்குப் பெரும்பாலும் விலையையும் பழக்கத்தையும் கொண்டே விடை காணப்படுகிறது. பயனர் பதிவேடு எங்கே அமைய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, வழங்கியின் இயங்குதளத்தை அதன்பின் தெரிவதே தக்க வரிசை என்பது இக்கட்டுரையின் வாதம். விண்டோஸ் சர்வர், லினக்ஸ், சம்பா ஆகியவற்றின் வரலாறும் செயல்முறையும் இதற்குச் சான்றாகின்றன. தமிழ்க் கோப்புப் பெயர்களால் எழும் தனிச்சிக்கலும் விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கோப்பு வழங்கி, அடையாள உறுதிப்பாடு, ஆக்டிவ் டைரக்டரி, கெர்பரோஸ், சம்பா, ஒருங்குறி

முன்னுரை

30 கணினிகள் கொண்ட ஒரு கல்லூரி அலுவலகத்தைக் கருதலாம். சேர்க்கைப் பதிவுகள், மதிப்பெண் பட்டியல்கள், ஊதியப் பட்டியல், பணிப்பதிவேடுகள் ஆகியவை அங்கு ஒரே வழங்கியில் இருக்கும். ஊதியப் பிரிவின் கோப்புறையைச் சேர்க்கைப் பிரிவினர் திறக்கக்கூடாது. தேர்வுப் பிரிவின் கோப்புறையைக் குறிப்பிட்ட இருவர் மட்டுமே காணவேண்டும். இந்த எளிய தேவையிலேயே இரண்டு பணிகள் அடங்கியுள்ளன. கோப்பை வைத்திருந்து கேட்பவருக்கு வழங்குவது ஒன்று. கேட்பவர் யார் என்பதை உறுதிசெய்வது மற்றொன்று. ஒரே இயந்திரம் இரண்டையும் செய்வதால் இவை ஒரே பணியாகத் தோற்றமளிக்கின்றன.

இரண்டிற்கும் ஆயுள் வேறு. கோப்புகளை ஓர் இரவில் வேறு வழங்கிக்கு மாற்றிவிடலாம். பயனர்களை அவ்வாறு மாற்ற இயலாது. கடவுச்சொற்கள் ஒருவழிச் சார்பின் வழியாகச் சிதைக்கப்பட்டே சேமிக்கப்படுகின்றன. லினக்ஸ் தன் கடவுச்சொல் கோப்பில் வைத்திருக்கும் வடிவத்திலிருந்து விண்டோஸ் வேண்டும் வடிவத்தைக் கணக்கிட வழியில்லை. எனவே பதிவேடு இடம்மாறும்போது அனைவரும் புதிய கடவுச்சொல் அமைக்க நேரும். விண்டோஸ் டொமைன் ஒன்றை அழித்து, அதே பெயர்களுடன் மீண்டும் உருவாக்கினாலும் பழைய கணக்குகள் திரும்பி வருவதில்லை. விண்டோஸ் ஒவ்வொருவரையும் எஸ்.ஐ.டி. எனப்படும் நீண்ட அடையாள எண்ணாலேயே அறிகிறது. புதிய கணக்கிற்குப் புதிய எண் கிடைப்பதால் பழைய கோப்பின் உரிமைப் பட்டியலில் பெயருக்கு மாறாக எவருக்கும் உரியதல்லாத எண்ணே எஞ்சும்.

பதிவேடு வழங்கியிலிருந்து பிரிந்த வரலாறு

நாவெல் நிறுவனத்தின் நெட்வேர் 3 வரையிலான பதிப்புகளில் ஒவ்வொரு வழங்கியும் தனக்கெனப் பயனர் பட்டியலை வைத்திருந்தது. மூன்று வழங்கிகள் உள்ள அலுவலகத்தில் ஒரே பணியாளருக்கு மூன்று கணக்குகள் இருந்தன. 1993இல் வெளிவந்த நெட்வேர் 4 வலையமைப்பு முழுவதற்கும் ஒரே பதிவேட்டைக் கொண்டுவந்தது. யுனிக்ஸ் உலகின் நிலை இதனினும் நெகிழ்வானது. சன் நிறுவனம் 1984இல் வெளியிட்ட என்.எஃப்.எஸ்., தன் வழக்கமான அமைப்பில், கேட்கும் கணினி அனுப்பிய பயனர் எண்ணை அப்படியே நம்பியது. தம் கணினியில் நிர்வாகி உரிமை பெற்ற எவரும் வேறொருவரின் எண்ணைச் சூடிக்கொள்ள முடிந்தது. ஆய்வகத்தில் நம்பகமான சிலர் மட்டும் பணியாற்றிய காலத்தின் வடிவமைப்பு அது.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவான கெர்பரோஸ் இதற்கு மாற்றாக அமைந்தது. பயனரின் கடவுச்சொல் வலையமைப்பில் பயணிப்பதே இல்லை. மையத்தில் உள்ள வழங்கி, பயனருக்குக் காலவரையறை கொண்ட நுழைவுச்சீட்டு ஒன்றை அளிக்கிறது; அச்சீட்டைக் கொண்டு அவர் கோப்பு வழங்கிக்கான தனிச்சீட்டைப் பெறுகிறார். கோப்பு வழங்கி கடவுச்சொல்லை அறியாமலே ஆளை அறிகிறது. 2000இல் வெளிவந்த விண்டோஸ் 2000, கெர்பரோஸையும் எல்.டி.ஏ.பி. பதிவேட்டையும் டி.என்.எஸ். பெயர்ச் சேவையையும் இணைத்து ஆக்டிவ் டைரக்டரியை உருவாக்கியது. இன்றைய அலுவலக வலையமைப்பின் பொதுவடிவம் இதுவே.

இவ்விணைப்பிற்கு விலையும் உண்டு. கெர்பரோஸ் சீட்டுகள் நேரத்தைச் சார்ந்தவை. கணினிகளின் கடிகாரங்கள் 5 நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் இயல்பான அமைப்பில் சீட்டு மறுக்கப்படும். டொமைன் கண்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதையும் கணினிகள் டி.என்.எஸ். வழியாகவே கண்டறிகின்றன. இணைய வேகம் கருதி ஒரு கணினியில் வெளி டி.என்.எஸ். முகவரியை இட்டுவிட்டால், இணையம் இயங்கும். டொமைனில் இணைவதும் வழங்கியைத் திறப்பதும் தடைபடும். பிழை கடவுச்சொல்லில் இருப்பதாகவே பயனர் எண்ணுவார்.

தேர்வுக்கு இடம் ஏற்பட்ட விதம்

விண்டோஸ் கணினிகள் கோப்புகளைக் கேட்கும் மொழி எஸ்.எம்.பி. நெறிமுறை. ஐ.பி.எம். நிறுவனத்தில் 1980களில் தோன்றி மைக்ரோசாஃப்டின் கையில் வளர்ந்தது அது. 1991ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், வலையமைப்பில் செல்லும் தரவுப் பொட்டலங்களை உற்றுநோக்கி, அம்மொழியைப் பேசும் நிரலை யுனிக்ஸுக்காக எழுதினார். எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் வரிசையாக அமைந்த சொல்லை அகராதிக் கோப்பில் தேடியே பின்னர் ‘சம்பா’ எனப் பெயரிட்டார்.

கோப்புப் பகிர்வை இவ்வாறு உற்றறிந்து எழுத முடிந்தது. ஆக்டிவ் டைரக்டரியின் உட்செயல்களை அறிவது அத்தனை எளிதாக இல்லை. இங்கே வரலாற்றின் திருப்பம் நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு எதிராக வழங்கிய முடிவில், கோப்புப் பகிர்வு, அச்சுப் பகிர்வு, பயனர் மற்றும் குழு நிர்வாகம் ஆகிய மூன்றையும் பணிக்குழு வழங்கியின் பிரிக்கவியலாத சேவைத் தொகுதியாகக் கண்டது. அவற்றோடு ஒத்தியங்கத் தேவையான தகவல்களைப் போட்டியாளர்களுக்கு வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டு, 49.7 கோடி யூரோ தண்டமும் விதித்தது. 2007 செப்டம்பர் 17 அன்று நீதிமன்றம் இம்முடிவின் மையப்பகுதியை உறுதிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில், 10,000 யூரோ ஒருமுறைக் கட்டணத்தில் நெறிமுறை ஆவணங்கள் சம்பா குழுவினருக்குக் கிடைத்தன. 2012 டிசம்பரில் வெளிவந்த சம்பா 4.0, லினக்ஸ் கணினியை டொமைன் கண்ட்ரோலராக இயங்கச் செய்தது.

இவ்வரலாறு இன்றைய தேர்வுக்கு நேரடித் தொடர்புடையது. கோப்பு வழங்கியின் இயங்குதளத்தை மட்டும் விருப்பப்படி மாற்றும் உரிமை, பயனர் நிர்வாகம் பூட்டப்பட்டிருந்த காலத்தில் பெயரளவிலான உரிமையாகவே இருந்தது.

கிடைக்கும் வழிகள்

பத்துக்கும் குறைவான கணினிகள் உள்ள இடத்தில் மையப் பதிவேடு தேவையற்ற சுமை. வழங்கியிலேயே கணக்குகளை உருவாக்கிக்கொள்வது போதும். அதனினும் பெரிய அலுவலகத்தில் முதல் தடை பெரும்பாலும் வழங்கியில் இருப்பதில்லை, மேசைக் கணினிகளில் இருக்கிறது. விண்டோஸின் ஹோம் பதிப்பு டொமைனில் இணையாது. மலிவு கருதி அப்பதிப்புடன் வாங்கப்பட்ட கணினிகளை வைத்துக்கொண்டு வழங்கியின் இயங்குதளத்தைப் பற்றி விவாதிப்பதில் பயனில்லை.

விண்டோஸ் சர்வர் நிர்வகிக்க எளிது. அதனை அறிந்தவர்களும் எளிதில் கிடைப்பர். அதன் உரிமக் கணக்கு இரண்டு படிகளைக் கொண்டது. செயலியின் கருக்களைக் கணக்கிட்டு வழங்கி உரிமம் பெறவேண்டும்; ஒரு வழங்கிக்குக் குறைந்தது 16 கருக்கள். அதற்கும் மேலாக, ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ அணுகல் உரிமம் தனியே வேண்டும். கொள்முதல் குறிப்புகளில் இரண்டாவது படி விடுபடுவதுண்டு.

சம்பாவையே டொமைன் கண்ட்ரோலராக அமைப்பது உரிமச் செலவை நீக்குகிறது. ஆயினும் ‘லினக்ஸ்’ என்று பொதுப்படச் சொல்வது இங்கே போதாது. டெபியன், உபுண்டு ஆகியவை இவ்வசதியை வழங்குகின்றன. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸின் சம்பா தொகுப்பு டொமைன் உறுப்பினராக மட்டுமே இயங்கும். இரண்டு கண்ட்ரோலர்களை அமைத்தால், பயனர் பதிவேடு தானாகப் படியெடுக்கப்படும். குழுக்கொள்கைக் கோப்புகள் உள்ள சிஸ்வால் கோப்புறையைப் படியெடுக்கும் பணியை நிர்வாகியே வேறு வழியில் அமைக்கவேண்டும். கண்ட்ரோலரையே கோப்பு வழங்கியாகவும் பயன்படுத்துவதைச் சம்பா குழுவினர் பரிந்துரைப்பதில்லை.

ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரி இயங்கும் அலுவலகத்திற்கு மூன்றாவது வழி பெரும்பாலும் மேலானது: பதிவேடு விண்டோஸில் இருக்க, கோப்பு வழங்கிகள் மட்டும் லினக்ஸிலோ ஃப்ரீபிஎஸ்டியிலோ டொமைன் உறுப்பினராக இணைவது. இசட்.எஃப்.எஸ். கோப்பு முறைமையின் கணநேரப் படிகளைச் சம்பா விண்டோஸ் பயனருக்கு ‘முந்தைய பதிப்புகள்’ என்றே காட்டவல்லது. தவறுதலாக அழித்த கோப்பை நிர்வாகியை நாடாமல் எழுத்தரே மீட்டுக்கொள்ளலாம்.

பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி ஒரு தரப்பை விலக்குவது எளிதன்று. 2017 மே மாதத்தில் பரவிய வான்னாக்ரை, எஸ்.எம்.பி. முதற்பதிப்பு தொடர்பான விண்டோஸ் குறைபாட்டைப் பயன்படுத்தியது. அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதே மே மாதத்தில் சம்பாவிலும் 2010ஆம் ஆண்டின் 3.5 பதிப்பு முதல் இருந்துவந்த கடுமையான குறைபாடு வெளிப்பட்டது. திருத்தங்களை மாதந்தோறும் நிறுவுபவர் யார் என்னும் வினா இரண்டு தளங்களுக்கும் பொது.

பெயரும் எண்ணும்

லினக்ஸ் வழங்கி ஆக்டிவ் டைரக்டரியில் இணையும்போது மொழிபெயர்ப்பு ஒன்று தேவைப்படுகிறது. டொமைன் பயனரை எஸ்.ஐ.டி.யாக அறிகிறது, லினக்ஸ் கோப்பு முறைமையோ உரிமையாளரைச் சிறிய முழு எண்ணாகவே எழுதுகிறது. சம்பாவில் இம்மொழிபெயர்ப்புக்குப் பல முறைகள் உள்ளன. அவற்றுள் தவறானதைத் தெரிவதன் விளைவு ஆண்டுகள் கழித்தே வெளிப்படும்.

டி.டி.பி. என்னும் முறையில், முதலில் வருபவருக்கு அடுத்த வெற்று எண் வழங்கப்பட்டு, அவ்வழங்கியின் உள்ளூர்க் கோப்பொன்றில் குறிக்கப்படுகிறது. ஊதியப் பிரிவு எழுத்தருக்கு 10005 கிடைத்ததாகக் கொள்ளலாம். வழங்கி பழுதாகி, காப்புநகலிலிருந்து கோப்புகள் மட்டும் புதிய இயந்திரத்தில் மீட்கப்படுகின்றன. உள்ளூர்க் குறிப்பு மீட்கப்படவில்லை. புதிய இயந்திரத்தில் ஐந்தாவதாக நுழைந்த தற்காலிகப் பணியாளருக்கு 10005 சென்றால், ஊதியக் கோப்புகளின் உரிமையாளர் அவரே. எந்த எச்சரிக்கையும் திரையில் தோன்றாது.

ஆர்.ஐ.டி. என்னும் முறை எண்ணைக் கணக்கிட்டுப் பெறுகிறது. எஸ்.ஐ.டி.யின் இறுதிப்பகுதி 1127 எனவும், ஒதுக்கிய எண்வரிசையின் தொடக்கம் 100000 எனவும் கொண்டால் பயனர் எண் 101127. அதே அமைப்பைக் கொண்ட எல்லா வழங்கிகளிலும் இன்றும் பத்தாண்டு கழித்தும் அதே எண்ணே கிடைக்கும். பதிவேட்டிலேயே எண்ணை எழுதிவைக்கும் மூன்றாவது முறையும் உண்டு. இவ்விரண்டில் எதுவாயினும் ஏற்கத்தக்கது. கோப்பு வழங்கியை வேறொருவர் அமைத்துத் தந்திருந்தால், அவரிடம் முதலில் கேட்கவேண்டிய வினா இதுவே.

தமிழ்க் கோப்புப் பெயர்கள்

இயங்குதள மாற்றம் தமிழ்வழி அலுவலகத்தை நேரடியாகத் தொடும் இடம் கோப்பின் பெயர். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறைமை 255 குறியீட்டு அலகுகள் வரை ஒரு பெயரை ஏற்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் ஓர் அலகு. லினக்ஸின் ஈ.எக்ஸ்.டி.4, எக்ஸ்.எஃப்.எஸ். முறைமைகளின் வரம்பும் 255தான். ஆனால் அவை பைட்டுகள். யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால், இடைவெளியற்ற தமிழ்ப்பெயர் 85 குறியீடுகளோடு நின்றுவிடும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படுகின்றன. ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து குறியீடுகள், 15 பைட்டுகள்.

‘இளங்கலைத் தமிழ் இரண்டாம் பருவத் தேர்வு மதிப்பெண் பட்டியல் துறைத்தலைவர் ஒப்புதலுக்குப் பின் திருத்தியது’ என்பது அலுவலகங்களில் காணக்கூடிய பெயரே. கோப்பு வகையைக் குறிக்கும் இறுதி எழுத்துகளை விடுத்துக் கணக்கிட்டால் இது 102 அலகுகள். விண்டோஸ் வழங்கியில் தடையின்றி அமரும். லினக்ஸில் இதுவே 286 பைட்டுகளாகி வரம்பைக் கடக்கிறது. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு மட்டுமே சோதிக்கப்பட்ட மாற்றத்தில் இக்குறை தென்படாது.

ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் மற்றொரு சிக்கலைத் தருகின்றன. ‘தொகுப்பு’ என்னும் சொல்லின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ஒருங்குறிச் செந்தரத்தின்படி இரண்டும் சமம். ஈ.எக்ஸ்.டி.4 இயல்பான அமைப்பில் இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகவே கொள்கிறது, என்.டி.எஃப்.எஸ்.ஸும் அவ்வாறே. ஆப்பிளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் முறைமை பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்பு ஏற்கெனவே உள்ள கோப்பின் மீது படியாமல், கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும் இரண்டாவது கோப்பாக அமர்கிறது. திருத்தப்பட்ட மதிப்பெண் பட்டியல் ஒன்றிலும், திருத்தப்படாதது மற்றொன்றிலும் இருக்கக்கூடும். இசட்.எஃப்.எஸ். முறைமையில் இவ்வடிவங்களைச் சமமாகக் கருதும் அமைப்பு உண்டு. சேமிப்புப் பகுதியை உருவாக்கும்போதே அதனை இயக்கவேண்டும், பின்னர் மாற்ற இயலாது.

எனவே லினக்ஸுக்கு மாறும் அலுவலகம், 255 பைட்டுகளைக் கடக்கும் பெயர்களையும் பிரித்த வடிவில் எழுதப்பட்ட பெயர்களையும் பழைய வழங்கியிலேயே தேடிப் பட்டியலிட வேண்டும். ஒரு சிறு நிரல் இதற்குப் போதும். பெயரைச் சுருக்கும் பணியைக் கணினிப் பிரிவிடம் விடாமல் உரிய பிரிவினரிடமே ஒப்படைப்பது நன்று. எந்தச் சொல்லை நீக்கினால் கோப்பு அடையாளம் இழக்காது என்பதை அறிந்தவர்கள் அவர்களே.