டேனியல் ஜோன்ஸ்

டேனியல் ஜோன்ஸ் (செப்டம்பர் 12, 1881 - டிசம்பர் 4, 1967) இங்கிலாந்தைச் சேர்ந்த ஒலியியல் அறிஞர் ஆவார். ஆங்கிலச் சொற்களின் ஒலிப்பைத் தரும் அகராதியைத் தொகுத்தவர் என்ற வகையில் பரவலாக அறியப்படுகிறார்.

வாழ்க்கை

இலண்டனில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1903இல் பட்டம் பெற்றார். பின்னர் பாரிசில் பால் பாசியிடம் ஒலியியல் கற்றார். 1907இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பகுதிநேர விரிவுரையாளராகச் சேர்ந்து, 1921இல் பேராசிரியராகி, 1949இல் ஓய்வு பெற்றார். தமிழ் ஒலிப்பைப் பற்றி 1934இல் சிறு நூல் எழுதிய ஜே. ஆர். ஃபர்த் இவரது துறையில் பணியாற்றியவரே.

ஒலிப்பு அகராதி

ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்த்து ஒலிப்பை உறுதியாக அறிய முடியாது. ஆகவே 1917இல் வெளியான இவரது அகராதி, பொருள் கூறாமல், ஒவ்வொரு சொல்லின் ஒலிப்பை மட்டும் பன்னாட்டு ஒலிப்பியல் குறியீடுகளில் தந்தது. பப்ளிக் ஸ்கூல்களில் பயின்ற ஆண்களைக் கொண்ட தென் இங்கிலாந்துக் குடும்பங்களின் பேச்சே இதற்கு அடிப்படை. பெயர் எவ்வாறிருப்பினும், இவை கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகள். இவ்வொலிப்பை முதலில் அப்பள்ளிகளின் பெயராலேயே குறித்த ஜோன்ஸ், 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஏற்கப்பட்ட ஒலிப்பு' என்னும் பொருள்படும் பெயருக்கு மாறினார்.

இவ்வாறுதான் பேச வேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. ஒரு சாராரின் பேச்சைப் பதிவு செய்வதே தம் நோக்கம் என்று தெளிவாகக் கூறியிருந்தார். எனினும் ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்றோரும் கற்பித்தோரும் பலவிடங்களில் அதைச் சட்டநூலாகவே கொண்டனர். மக்களுள் சிறுபான்மையினரின் பேச்சு இவ்வாறு 'சரியான ஆங்கிலம்' ஆயிற்று. பிற வட்டாரங்களின் ஒலிப்புகள் பிழையெனக் கருதப்பட்டன. இதில் நூலாசிரியருக்குப் பங்கே இல்லை எனக் கூறவியலாது. எந்தப் பேச்சைப் பதிவு செய்வது என்ற தேர்வு அவருடையது. அது ஏறத்தாழ அவரது சொந்தப் பேச்சுமாகும்.

முதன்மை உயிரொலிகள்

உயிரொலிகளை ஒலிக்கையில் நாக்கு எங்கும் படுவதில்லை. ஆதலால் அவற்றின் இடத்தைச் சுட்டுவது கடினம். ஜோன்ஸ் இரண்டு எல்லைகளை வகுத்தார்: நாக்கின் முன்பகுதி இயன்றவரை உயர்ந்து எழும் 'ஈ' போன்ற ஒலி, நாக்கு தாழ்ந்து பின்வாங்கி எழும் 'ஆ' போன்ற ஒலி. இவற்றைக் கொண்டு, செவிக்குச் சம இடைவெளியில் அமையும் எட்டு ஒலிகளை அளவுகோலாக்கினார். இவை எந்த மொழிக்கும் உரியவை அல்ல. எந்த மொழியின் உயிரொலியையும் ஒப்பிட்டு அளக்க உதவுபவை. எழுத்தால் இவற்றைக் கற்க இயலாது, காதால் கேட்டே கற்க வேண்டும் என்பதால், தம் குரலிலேயே இசைத்தட்டில் பதிவு செய்தார்.

ஒலியன்

தென்னாப்பிரிக்காவின் சால் பிளாட்ஜியுடன் இணைந்து 1916இல் சுவானா மொழி வாசக நூலையும், எச். எஸ். பெரேராவுடன் 1919இல் சிங்கள வாசக நூலையும் வெளியிட்டார். ஒலியன் என்ற கருத்தை ஆங்கில உலகில் பரப்பியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. ஒலியனை அவர் ஒலிகளின் குடும்பமாகக் கண்டார். கல், பகல், சங்கு ஆகிய சொற்களில் ககரம் வெவ்வேறாக ஒலித்தாலும் தமிழர் அதனை ஒன்றாகவே கொள்வது இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பிற்காலம்

ஜோன்சின் மறைவுக்குப் பின்னும் அகராதி திருத்தப்பட்டு வந்தது. 1997இல் வெளியான 15ஆம் பதிப்பு, 'ஏற்கப்பட்ட ஒலிப்பு' என்ற பெயரைக் கைவிட்டு 'பிபிசி ஆங்கிலம்' என்பதை ஏற்றதுடன், அமெரிக்க ஒலிப்பையும் சேர்த்துக்கொண்டது.