சோறா? கூழா?

"அரிசியை அறவே விட்டுவிட்டேன். மூன்று வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லையே, ஏன்?" சென்ற கோடை விடுமுறையில் திண்டிவனத்தில் என் தாய்மாமன் கேட்ட கேள்வி இது. அவர் காலில் ஒரு சிறு புண் இரண்டு மாதமாக ஆறாமல் இருந்தது. வேதியியல் படிக்கும் மருமகனுக்கு விடை தெரிந்திருக்கும் என நம்பிக் கேட்டார். அன்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் சங்கிலி போல் கோத்துக்கொண்ட பொருள். கிளையின்றி நீண்டது அமைலோஸ்; கிளைவிட்டுப் பரந்தது அமைலோபெக்டின். முன்னது மெல்லச் செரிக்கும். பின்னது விரைந்து செரிக்கும். செரித்த குளுக்கோஸ் இரத்தத்தில் ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரந்து அதை உடலணுக்களுக்குள் அனுப்புகிறது. சர்க்கரை திடீரென ஏறினால் இன்சுலினும் மிகுதியாகச் சுரக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் இப்படி உழைக்கும் கணையம் ஒரு நாள் சோர்ந்துவிடக்கூடும்.

இன்சுலினை 1921-இல் பிரித்தெடுத்தது கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகம். அறுபது ஆண்டுகள் கழித்து, 1981-இல், அதே பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்சும் அவர் குழுவினரும் 'கிளைசீமிக் குறியீடு' என்னும் அளவுகோலை வகுத்தனர். குளுக்கோஸை 100 எனக் கொண்டு, ஒவ்வோர் உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு உயர்த்துகிறது என்று இது காட்டும். 55-உம் அதற்குக் கீழும் குறைவு. 70-உம் அதற்கு மேலும் அதிகம்.

இனி நம் சோற்றுக்கு வருவோம். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் ஒரே நெல்லைப் பல அளவில் தீட்டிச் சோதித்தனர். தவிடு நீங்காத அரிசியின் குறியீடு ஏறத்தாழ 58; முழுக்கத் தீட்டிய வெள்ளை அரிசிக்கோ ஏறத்தாழ 80! நெல் ஒன்றே, ஆலை செய்த வேலைதான் வேறுபாடு.

மாமனின் கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது. கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் வெள்ளை அரிசியைவிட மிகுதி, ஐயமில்லை. ஆனால் அதை மையாக அரைத்து, குழையக் காய்ச்சி, சொம்பு சொம்பாகக் குடித்தால் செரிமான நொதிகளுக்கு வேலையே மிச்சமில்லை. தானியத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அதன் உருவையும் அளவையும் பார்க்க வேண்டும். கம்பையும் வரகையும் முழுதாகவோ குருணையாகவோ வேகவைத்து, மென்று உண்பதே மேல். மாலையில் பசியோடு விழுப்புரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நான்கு பரோட்டா தின்னும் நம்மைப் போன்ற மாணவர்களும் இதை எண்ணிப் பார்க்கலாம். மைதா தவிடும் முளையும் நீங்கிய மாவு.

அளவின் சிறப்புக்குத் தர்ப்பூசணியே சான்று. அதன் குறியீடு அதிகம். ஆனால் நூறு கிராமில் ஏழெட்டுக் கிராமே சர்க்கரைச் சத்து. ஆகவே ஒரு கீற்றால் பெருங்கேடு இல்லை. முழுப் பழத்தையும் தின்றால்தான் தொல்லை.

துணையும் முக்கியம். பருப்பு, கீரை, காய்கறிகளை முதலில் உண்டு பிறகு சோற்றுக்குப் போனால் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. நம் ஊர் மல்லாட்டையும் அத்தகைய துணையே; அதன் புரதமும் கொழுப்பும் செரிமானத்தைத் தாமதப்படுத்தும். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்த வேர்க்கடலை இரகங்கள் 'டி.எம்.வி.' என்று ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ஆறிய சோற்றிலும் மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு எளிதில் செரிக்காத வடிவம் பெறுகிறது. பழையதை இகழ வேண்டாம்.

2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி. தமிழகத்தில் வயது வந்தோருள் நூற்றுக்குப் பதினான்கு பேர். ஒவ்வொரு தெருவிலும் ஒரு மாமன் இருக்கிறார் என்பதே இதன் பொருள். ஒன்றை மறக்கலாகாது: மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரலாம்.

மாமன் இப்போது மருத்துவரைக் கேட்டு, ஒரு வேளை கூழும் ஒரு வேளை அளவான கைக்குத்தல் அரிசிச் சோறும், நிறையக் கீரையுமாக உண்கிறார். புண்ணுக்கு மருத்துவமனையில் கட்டுப் போட்டு வருகிறார்; ஆறத் தொடங்கியிருக்கிறது. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரம் பெரும்பகுதியும் மூலிகையைப் பேசவில்லை. அளவறிந்து உண்பதையே பேசுகிறது. அதன் பொருள் எனக்கு இப்போதுதான் விளங்கிற்று.